போனில் டாக்டர் இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்?



இந்த மாதப் பாடம் தொலை மருத்துவம் பற்றியது. டாக்டர் ஓர் ஊரிலும் நோயாளி வேறோர் ஊரிலும் இருக்க, போன் வழியாக நோயைக் கண்டறிந்து மருந்து சொல்லும் முறைக்குத்தான் இந்தப் பெயர். இது யாருக்கு மிகவும் தேவைப்படுகிறதோ அவர்களை மனதில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். நம் பகுதியின் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் அரிசி ஆலை ஓரங்களிலும் வாழும் இருளர் குடும்பங்கள்தான் அவர்கள்.

விக்கிரவாண்டிப் பக்கம் ஆஸ்பத்திரியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. 108க்கு போன் செய்தால் வண்டி வருகிறது. அப்படியிருந்தும் காய்ச்சலில் கிடக்கும் ஓர் இருளர் குழந்தை மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் டாக்டர் கண்ணில் படுகிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் இந்தக் கணக்கு புரியாது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். மூன்று பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? சீட்டு வாங்கும் இடத்தில் "எங்கேருந்து வர்ற, என்ன ஜாதி"ன்னு யாராவது அதட்டிக் கேட்டுவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த முறை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. அரசாங்கக் கட்டடம் என்றாலே பயம் என்ற நிலைக்கு நம் மாவட்டத்தில் ஒரு வரலாறும் உண்டு. பொய் வழக்கு, காவல் நிலையக் கொடுமை, சாதிச் சான்றிதழ் மறுப்பு என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டவர்கள் இவர்கள். பேராசிரியர் பிரபா கல்விமணியும் அவருடன் இருந்தவர்களும் 1996இல் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது இந்தக் காரணங்களுக்காகத்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறத்தாழ 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். அதில் இருளர் மட்டும் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் இவர்களோடு இருளரையும் சேர்த்து ஆறு இனங்களை, 'குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள்' என்று மத்திய அரசு தனியாகப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2023 நவம்பர் 15இல் இவர்களுக்கென்று தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் வீடு, சாலையோடு நடமாடும் மருத்துவ வண்டிக்கும் இடம் வைத்தார்கள். உங்கள் பக்கத்து இருளர் குடியிருப்புக்கு மருத்துவ வண்டி வருகிறதா, எந்தக் கிழமை வருகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வண்டி வரும் நாளில் எல்லோரும் கரும்பு வெட்டப் போயிருந்தால் அது வந்தும் பயனில்லை.

போனில் வைத்தியம் என்பது புதுசா?

புதுசு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஊருக்கும் ஊருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி. அங்கே 1928இல் விமானத்தில் பறந்து போய் வைத்தியம் பார்க்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ வந்தது. தையல் மிஷின் மாதிரி மிதித்துக்கொண்டே டாக்டரிடம் பேசலாம். அப்புறம் ஊருக்கு ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். மருந்தின் பெயர் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, "பதினேழாம் நம்பர் மாத்திரை காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னு டாக்டர் ரேடியோவில் சொன்னால் போதும். மனித உடம்பின் படம் ஒன்றையும் கொடுத்தார்கள். அதிலும் பாகத்துக்குப் பாகம் எண். "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லலாம். எழுத்தும் படிப்பும் இல்லாதவரும் சரியாகச் சொல்லும்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

அத்தனையும் இருந்தும் அந்த நாட்டின் ஆதிகுடி மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினார்கள். மரியாதை கிடைக்காத இடத்துக்கு யார் போவார்கள்? 1971இல் சிட்னி நகரத்தின் ரெட்ஃபெர்ன் பகுதியில் ஆதிகுடி மக்களே தங்களுக்கென்று ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். நிர்வாகம் அவர்கள் கையில் இருந்தது. அந்த வழியில் பிறகு நாடு முழுக்கப் பல நிலையங்கள் வந்தன.

நம் தமிழ்நாட்டிலும் அப்படி நடந்திருக்கிறது. நீலகிரியின் கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கி, அந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக வளர்த்தார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் உள்ள கதை அரவிந்த் கண் மருத்துவமனையுடையது. புதுச்சேரியில் அவர்கள் ஆஸ்பத்திரி 2003இல் வந்தது, நம்மில் பலர் அங்கே போயிருப்போம். 2004 முதல் அரவிந்த் நிறுவனத்தார் சிறு ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து, குறிப்பு எழுதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். டாக்டர் அங்கிருந்து அதைப் பார்த்து, நோயாளியிடம் பேசி, கண்ணாடி போதுமா, அறுவை வேண்டுமா என்று அன்றைக்கே சொல்லிவிடுவார். இத்தனைக்கும் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள்.

இந்தக் கதைகளை எதற்குச் சொல்கிறோம் என்றால், எல்லாவற்றிலும் கருவியை விட முக்கியமாக ஓர் ஆள் இருக்கிறார். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து, எண்ணி, அளந்து, டாக்டருக்குச் சொல்லும் ஆள். அவர் சரியாக இருந்தால் சாதாரண போனே போதும். அந்த ஆள் இல்லையென்றால் எத்தனை பெரிய கம்ப்யூட்டர் வைத்தும் டாக்டர் இருட்டில்தான் தடவ வேண்டும்.

இப்போது நமக்குக் கிடைக்கும் வழிகள்

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. முதலில் துணை சுகாதார நிலையத்து நர்ஸ், டாக்டரோடு வீடியோவில் பேசும் முறை வந்தது. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரல் மாதம், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் முறையும் வந்தது. அந்த நாட்களில் இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. கட்டணம் கிடையாது. போன் நம்பரைப் பதிந்தால் ஓடிபி வரும், டோக்கன் வரும், வரிசைப்படி டாக்டர் வருவார், கடைசியில் மருந்துச் சீட்டு போனுக்கே வரும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. பட்டன் போன் மட்டும் உள்ள வீட்டில் வீடியோ ஏது? அந்த ஒரு போனும் வேலைக்குப் போன ஆம்பளையிடம் இருக்கும். அதனால் இருளர் குடும்பங்களுக்கு வீட்டிலிருந்து பேசுவதைவிட, துணை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் நர்சம்மா வழியாக டாக்டரிடம் பேசுவதுதான் கைகொடுக்கும் என்பது நம் கருத்து. அங்கே பிபி பார்க்கும் கருவி இருக்கிறது, மருந்தும் அங்கேயே கிடைக்கலாம். எந்த நேரத்தில் டாக்டர் பேசக் கிடைப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். வெறும் ஆலோசனை என்றால் 104க்குப் பேசலாம், அதற்குப் பட்டன் போன் போதும். மனசு சரியில்லை, தூக்கமில்லை, சாகலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது.

நம் குழுக்களுக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களைச் சுய உதவிக் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே பல ஊராட்சிகளில் கருவியைக் கையாளத் தெரிந்த ஒரு சகோதரி நம்மிடையே இருக்கிறார். அவர் போகும் தெருக்களின் பட்டியலில் ஏரிக்கரைக் குடியிருப்பும் இருக்கிறதா என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு கற்பனை உதாரணம். ஏரிக்கரையில் எட்டு மாதக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ஒருவர் போன் போடுகிறார்.

"டாக்டரம்மா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஜொரம், சளி. ஒரே அழுவாச்சி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு நாளா இருக்கும்ங்க."

டாக்டர் பாரசிட்டமால் மருந்து சொல்லி, "குறையலன்னா கூட்டிட்டு வாங்க" என்பார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அதே குழந்தைக்கு இன்னொருவர் பேசுகிறார்.

"டாக்டரம்மா, எட்டு மாசப் புள்ள. முந்தாநாள் ராத்திரிலேருந்து ஜொரம். அவங்க அம்மா மடியில அழாம இருக்கும்போது கடிகாரம் பாத்து ஒரு நிமிஷம் எண்ணினேன். மூச்சு 58 வருது. சட்டையத் தூக்கிப் பாத்தேன், மூச்சு இழுக்கும்போது வெலாவுக்குக் கீழ உள்ள குழியுது. காத்தாலேருந்து பால் சரியா குடிக்கல. ஒரே ஒரு தடவதான் ஒண்ணுக்குப் போயிருக்கு. வலிப்பு வரல."

இந்தப் பேச்சைக் கேட்ட எந்த டாக்டரும் "அங்கேயே நிக்காதீங்க, உடனே 108ல ஏத்துங்க" என்றுதான் சொல்வார். சளிக்கும் நிமோனியாவுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணில்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு வந்தால் அது வேக மூச்சு. முழு நிமிடமும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் சின்னக் குழந்தைக்குக் கணக்கு தப்பும். அழும்போது எண்ணக் கூடாது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதே இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். பால் குடிக்கவே முடியாத குழந்தை, எழுப்பினால் எழாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கும் குழந்தை இவர்களுக்கும் அப்படியே. போன் வைத்தியத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

பிபி பார்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். நடந்து வந்தவுடன் கட்டிப் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணிக்குள் டீ, புகையிலை, பீடி எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு 140க்கு 90 என்று காட்டினாலே அன்றைக்கே நர்சுக்குத் தெரிய வேண்டும். 160க்கு 110 என்றால் அவசரம். அதோடு தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது. சர்க்கரை அளவைச் சொல்லும்போது சாப்பிடும் முன்பா, சாப்பிட்ட பிறகா, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

கொரோனா காலத்தில் எல்லா ஊருக்கும் வந்த விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி பற்றி ஒரு வார்த்தை. அது 95க்கு மேல் காட்டினால் நல்லது, 94க்குக் கீழே போனால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், 90க்குக் கீழே என்றால் ஆபத்து. ஆனால் விரல் சில்லிட்டிருந்தாலும், மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும் தவறாகக் காட்டலாம். கருத்த தோல் உள்ளவர்களுக்கு இருக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020இல் அமெரிக்க டாக்டர்கள் கண்டறிந்து எழுதினார்கள். வெயிலில் வேலை செய்து கறுத்த நம் ஜனங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆள் மூச்சு வாங்குகிறார், கருவி 96 காட்டுகிறது என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

புண், தடிப்பு, வீக்கத்துக்குப் படம் அனுப்பச் சொன்னால் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்தால் அளவு தெரியும். கிட்டத்தில் ஒன்று, உடம்பின் எந்தப் பகுதி என்று தெரியும்படி தள்ளி ஒன்று. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை எது என்று கேட்டால் "வெள்ள மாத்திர, செவப்பு மாத்திர" என்று சொல்லாமல் அட்டையையே கேமரா முன் காட்டுங்கள்.

பாம்புக்கடி

இருளர் என்றாலே பாம்பு பிடிப்பவர்கள் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் திறமை நாட்டுக்கு என்ன செய்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது இருளரின் பிழைப்பும் நின்றது. 1978இல் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கிலிருந்தும் விஷம் எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்ப விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு அந்தச் சங்கத்திலிருந்துதான் போனது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. முண்டியம்பாக்கத்தில் நம் வீட்டுப் பிள்ளைக்குப் போடும் விஷமுறிவு ஊசிக்குப் பின்னால் ஓர் இருளரின் கை இருக்கிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர் பாம்பு கடித்து இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது.

பாம்புக்கடிக்கு போன் வைத்தியம் கிடையாது. போனில் செய்ய வேண்டியது 108ஐ அழைப்பதும், போகிற ஆஸ்பத்திரியில் மருந்து தயாராக இருக்கச் சொல்வதும்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கவனித்துச் சொல்லும் விஷயங்கள் டாக்டருக்கு மிகவும் உதவும். கடித்த நேரம் என்ன? கடிவாயில் வீக்கம் ஏறுகிறதா? ஈறில், சிறுநீரில் இரத்தம் வருகிறதா? விரியன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்த்தால் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. எத்தனை எளிய சோதனை பாருங்கள்.

கட்டுவிரியன்தான் ஏமாற்றும். தரையில் படுத்துத் தூங்கும்போது ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கடித்த தடமே தெரியாமல் போகும். விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார், கண் இமை சரியும், பேச்சு குழறும், எச்சில் முழுங்க முடியாது. "வாயுப் பிடிப்பு" என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். தரையில் படுப்பவர் விடிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் பாம்பைப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மெட்டி, வளையல், கொலுசு கழற்றிவிட்டு, கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துவர வேண்டியதில்லை.

சம்மதமும் மானமும்

2020 மார்ச் 25இல் மத்திய அரசு தொலை மருத்துவத்துக்கு விதிமுறை வெளியிட்டது. அதில் நமக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. நோயாளியே டாக்டரை அழைத்தால் அவர் சம்மதித்ததாக அர்த்தம். சுகாதாரப் பணியாளரோ உடனிருப்பவரோ அழைத்தால் நோயாளியின் சம்மதத்தை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். நாம் அழைக்கும்போது இந்த இரண்டாவது விதிதான் பொருந்தும். "ஆயா, டாக்டரம்மாகிட்ட போன்ல பேசலாமா? உங்க ஒடம்பப் பத்திச் சொல்லட்டுமா? படம் எடுக்கணுமாம், எடுக்கலாமா?" இந்த மூன்று கேள்விக்கும் ஆயா "வேணாம்மா" என்று சொல்ல முழு உரிமை உண்டு. ஏரிக்கரையில் இருப்பவர் என்பதால் கேட்காமலேயே சட்டையைத் தூக்கிப் படம் எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

எடுத்த படம் டாக்டருக்குப் போக வேண்டும். குழு வாட்ஸ்அப்பில் போடக் கூடாது, "பாவம் பாருங்க" என்றுகூடப் போடக் கூடாது. வேலை முடிந்ததும் நம் போனிலிருந்து அழித்துவிட வேண்டும். காச நோயோ, கருக்கலைவோ, வெள்ளைப்படுதலோ, நாம் கேட்டது நம்மோடு இருக்க வேண்டும். ஒருமுறை தெருவில் பேச்சானால் அந்தத் தெருவிலிருந்து இன்னொரு பெண் நம்மைக் கூப்பிடமாட்டார்.

இன்னொன்று. டாக்டர் கேள்வி கேட்டால் முதலில் நோயாளி பேசட்டும். படித்தவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அவர் சொன்னது டாக்டருக்குப் புரியாவிட்டால் அப்புறம் நாம் எடுத்துச் சொல்லலாம். பெண்கள் நோய் என்றால் வீட்டு ஆண்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள், பெண் டாக்டரைக் கேளுங்கள்.

போனுக்கு எட்டாதவை

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்தே தீர வேண்டும், பரிசோதனையும் மருந்தும் இலவசம். காச நோயாளிக்குச் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும் தொகையை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு அதைத் திறந்து கொடுப்பதும் வைத்தியத்தில் பாதி. இரத்தசோகையையும் முகத்தைப் பார்த்து உறுதி செய்ய முடியாது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும், 7க்குக் கீழே போனால் அவசரம்.

தை பிறந்ததும் பல இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். மழைக்கு முன்புதான் திரும்பும். அங்கே புதிதாய்ப் பார்க்கும் டாக்டருக்கு இவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கர்ப்பிணியின் பிக்மி எண், குழந்தையின் தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டு இவை மூன்றும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூடவே போக வேண்டும். கூரை ஒழுகும் வீட்டில் காகிதம் தங்காது. அதனால் அந்தந்தக் குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் போனிலேயே படம் எடுத்து வைத்துக் கொடுக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க சாதிச் சான்றிதழ் தேவையில்லை. ஆதார் இல்லை என்று அவசர சிகிச்சையை மறுக்கவும் முடியாது. இது தெரியாமலே பலர் வீட்டில் கிடக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு மட்டும் ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் என்ற சான்றும் வேண்டும். நோய் வந்த பிறகு இதற்கு அலைவதைவிட இப்போதே பதிந்து வைப்பது நல்லது. 108க்குக் காசு இல்லை, திரும்பி வரும் பஸ்ஸுக்கும் கூட இருப்பவர் சாப்பாட்டுக்கும் காசு வேண்டுமே! ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவுற்றோருக்கான நிதி இருந்தால், இந்தச் சின்னச் செலவுக்கு அன்றைக்கே கொடுக்கும்படி முன்கூட்டியே தீர்மானம் போட்டு வைக்கலாம். கூட்டம் கூடித் தீர்மானம் போடும்வரை காய்ச்சல் காத்திருக்காது.

கூட்டத்தில் செய்து பார்க்க

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஊக்குநர் நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்று கொண்டுவரட்டும், போனிலும் நொடி பார்க்கலாம். கைக்குழந்தையோடு வரும் உறுப்பினர் சம்மதித்தால், குழந்தை தூங்கும்போது மூன்று பேர் தனித்தனியாக ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணித் தாளில் எழுதுங்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கக் கூடாது. மூன்று எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஒருவர் டாக்டராகவும் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் உடனிருப்பவராகவும் நடித்து, முதுகைத் திருப்பி உட்கார்ந்து பேசிப் பாருங்கள். முகம் பார்க்காமல் பேசும்போதுதான் எதைச் சொல்ல விட்டோம் என்பது தெரியும். உங்கள் ஊராட்சியில் இருளர் பெண்கள் குழு இருந்தால் இந்தக் கூட்டத்தை அவர்கள் இடத்திலேயே, அவர்கள் வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் வேலையை அந்தத் தெருப் பெண்களில் இருவர் கற்றுக்கொள்ள வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு அங்கே இருக்கப்போவது அவர்கள்தான்.